உருக்கி ஒட்டிய வண்ணக் கண்ணாடி: ஒரு வரலாற்று நோக்கு

கண்ணாடிக் கலம் என்றதும் உலையின் முன் நின்று நீண்ட குழலினூடாக ஊதும் வினைஞனின் தோற்றமே மனக்கண்முன் எழுகின்றது. ஆயின் ஊதுகுழல் காலத்தாற் பிற்பட்டது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட கி.மு. 15ஆம் நூற்றாண்டளவிலேயே, வட மெசப்பொத்தேமியாவின் தெல் அல் ரிமாவில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கிச் சூட்டினால் ஒட்டச்செய்த கலங்கள் வழங்கின.

இக்கலை உச்சநிலை எய்தியது அலெக்சாந்தருக்குப் பிற்பட்ட கிரேக்க உலகிலாகும். 1900இல் அந்திகிதீரா தீவருகே கடற்பஞ்சு எடுக்க மூழ்கியோர் கண்ட கப்பற்சிதைவில், கி.மு. முதலாம் நூற்றாண்டுக்குரிய இத்தகைய கிண்ணங்களும் இருந்தன. செல்வர் இல்லங்களை அணிசெய்யச் சென்ற சரக்கு அது.

செய்முறை பொறுமையை வேண்டுவது. வெவ்வேறு நிறக் கண்ணாடிக் கோல்களை ஒரு பூவின் அல்லது சுருளின் வடிவம் தோன்றக் கட்டாக அடுக்கிச் சூடாக்கி மெல்லிய கம்பியாக இழுப்பர். எவ்வளவு மெலிந்தாலும் குறுக்குவெட்டில் அவ்வடிவம் மாறாது. கம்பியை வில்லைகளாக நறுக்கி, நெருக்கமாகப் பரப்பி, உருகி ஒட்டும்வரை சுடுவர். இதற்கு ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வேண்டும். இவ்வாறு பெற்ற வட்டத் தட்டை அச்சின்மேல் இட்டு மீண்டும் சற்றுக் குறைந்த வெப்பத்தில் இளக்க, அது தன் பாரத்தாலேயே வளைந்து கிண்ணமாகும். பின்னர் தேய்த்து மெருகிடுவர்.

இடர் இதற்குப் பின்னரே தோன்றும். நிறந்தரும் பொருட்கள் வேறுபடுவதால், ஆறும்போது ஒரு நிறம் மற்றதிலும் கூடுதலாகச் சுருங்கக்கூடும். அவ்வாறாயின் எவ்வளவு மெல்ல ஆறவிட்டாலும் கலம் வெடிக்கும். பல நிறங்கொண்ட விலையுயர்ந்த வேலைப்பாட்டுக்கு எகிப்தின் ஒருவகைக் கண்ணாடிமண் இன்றியமையாதது என அலெக்சாந்திரிய வினைஞர் தமக்குக் கூறியதாகப் புவியியலாளர் ஸ்திராபோ எழுதுகின்றார். தொழில் இரகசியம் காப்போரின் பெருமைப் பேச்சாக இதனைத் தள்ளிவிடலாகாது. எல்லா நிறங்களுக்கும் அடிப்படைக் கண்ணாடி ஒன்றாயிருத்தல் வேண்டும் என்ற பட்டறிவே அதனுள் பொதிந்திருக்கலாம். விரிகைக் குணகம் அவர்கள் அறியாதது. வெடித்த கலங்களே அவர்களின் ஆசான்.

அதே ஸ்திராபோ, உரோமில் ஒரு செப்புக்காசுக்குக் கண்ணாடிக் கிண்ணம் வாங்கலாம் எனவும் குறிக்கின்றார். கி.மு. முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் சிரிய பாலஸ்தீனக் கரையோரத்தில் ஊதுமுறை தோன்றியிருந்தது. எனினும் அது பழைய முறையை உடனே அழித்துவிட்டது என்பது மிகைக்கூற்று. ஓகஸ்டசின் காலத்தில் இரண்டும் அருகருகே செழித்தன. கி.பி. முதலாம் நூற்றாண்டு கழியும்போதே மலிவு வென்றது.

பின்னைய மீட்டெடுப்பு வெனிசுக்கு அண்மையிலுள்ள முரானோவில் நிகழ்ந்தது. வின்சென்சோ மொரெற்றி ஆக்கிய உரோமப் பாணிக் கிண்ணங்கள் 1878இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டன. அவற்றுக்கு இடப்பட்ட முறினே என்னும் பெயரோ பிழையானது. பழைய உரோமர் அச்சொல்லாற் குறித்தது கண்ணாடியையன்று, ஒருவகைக் கல்லையே என்பது இன்று பெரிதும் ஏற்கப்படுகின்றது.

வீட்டுப் பாவனைக்குரிய கலையாக அது மீண்டும் வேரூன்றியது அமெரிக்காவிலாகும். 1948இல் மணம்புரிந்த பிரான்சிஸ், மைக்கேல் ஹிக்கின்ஸ் இணையர் சிக்காகோவில் சாதாரண யன்னற் கண்ணாடித் தகடுகளில் எனாமல் வண்ணம் பூசி, ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு உருக்கித் தட்டுகளும் கிண்ணங்களும் செய்தனர். இரு தகடுகளும் ஒரே கண்ணாடியாதலால் சுருக்கமும் ஒன்றே. அலெக்சாந்திரியரின் சிக்கலை அவர்கள் தீர்க்கவில்லை, சுற்றிக் கடந்தனர் என்பதே பொருந்தும்.

தீர்வு போட்லண்ட் நகரில் 1974இல் தொடங்கிய புல்ஸ்ஐ நிறுவனத்தாற் கிட்டியது. ஒன்றோடொன்று பொருந்துமெனச் சோதிக்கப்பட்ட வண்ணத் தகடுகளை அது 1980ஐ அண்டிய ஆண்டுகளில் விற்பனைக்கு விட்டது. சிறிய மின்சூளை வைத்திருந்த எவரும் பல நிறங்களை அச்சமின்றி ஒட்ட முடிந்தது. சோதனை எளியது. வண்ணத் துண்டொன்றைத் தெளிந்த கண்ணாடிச் சட்டத்தின்மேல் ஒட்டச்செய்து, ஆறியபின் இரு முனைவாக்கிகளுக்கிடையே வைத்து ஒளியில் நோக்குவர். துண்டைச் சூழ ஒளிவளையம் தோன்றின் உள்ளே தகைப்பு உண்டு, அந்நிறம் கழிக்கப்படும்.