கடையும் கணக்கும்

இந்நாட்டில் நம்மவர் வாழ்ந்த வரலாற்றை எழுதப் புகுவோர் கப்பலைப் பற்றி எழுதுவர். கோயிலைப் பற்றி எழுதுவர். சங்கங்களையும் தலைவர்களையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவர். மளிகைக் கடையைப் பற்றி எழுதுவார் அரியர். ஆயினும் நம் முன்னோர் ஓயாது சென்று நின்ற இடம் எது? கோயிலுக்குத் திருநாளிற் சென்றனர். சங்கத்திற்குக் கூட்டம் நடந்தாற் சென்றனர். கடைக்கோ அன்றாடம் சென்றனர். புளியும் மிளகாயும், கொத்துமல்லியும் சீரகமும், வாய்க்கு ருசியாக ஒரு துண்டு நல்ல கருவாடும் தேடி அவர்கள் நுழைந்த அக்கடையில் பண்டம் மட்டும் விற்கப்படவில்லை, கடனும் விற்கப்பட்டது. நாவின் சுவையையும் பற்றுப் புத்தகத்தையும் ஒருங்கே வைத்துப் பார்த்தாலன்றி இக்கடையின் வரலாறு விளங்காது.

‘கடை’ என்னும் சொல்லே கடல் கடந்தது. மலாய் மொழியில் கடைக்குக் ‘கெடாய்’ என்பது பெயர். நம் சொல்லின் திரிபே அது. கறி ‘காரி’ ஆயிற்று. மாம்பழம் ‘மெம்பெலாம்’ ஆயிற்று. ஒரு மொழி மற்றொரு மொழியிலிருந்து கடையையும் கறியையும் பெற்றுக்கொண்டதாயின், அம்மொழிக்காரன் அங்கே சென்று விற்று, உண்டு, உறவாடி வாழ்ந்தான் என்றே கொள்ளவேண்டும். 1511 இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபோது, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர் அங்கே செல்வமும் செல்வாக்கும் பெற்று விளங்கினர். 1786 இல் ஆங்கிலேயர் பினாங்கில் குடியேறிய பின் அந்நகரில் சூலியா வீதி எழுந்தது. 1819 இல் ராபிள்ஸுடன் சிங்கப்பூருக்கு வந்த நாராயண பிள்ளை செங்கற் சூளையும் துணிக்கடையும் நடத்தினார். மேடைகளில் இப்பெயர்களைச் சொல்லி நாம் மார்தட்டிக் கொள்வதுண்டு. தட்டிக் கொள்ளலாம், தவறில்லை. ஆனால் ஏழையின் கடை இப்பெருவணிகரோடு வந்ததன்று. அது தோட்டத்தோடு வந்தது.

கரும்புக்கும் காப்பிக்கும், அவற்றின்பின் ரப்பருக்கும் நம்மவர் ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தக் கூலி முறை 1910 இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி ஆள்கட்டும் முறையோ அதன் பின்னும் நடந்தது. 1938 இல் இந்திய அரசாங்கம் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தபோதுதான் அதுவும் முடிவுற்றது. இவ்வாறு வந்தவர்களின் லயங்கள் பட்டணத்திலிருந்து பல மைல் தொலைவில், செம்மண் பாதையின் கோடியில் இருந்தன. விடியுமுன் மரம் வெட்டச் சென்று, பால் எடுத்து நிறுத்துவிட்டுத் திரும்பியவன் பட்டணம் போய்ச் சாமான் வாங்குவது எங்ஙனம்? ஆகவே தோட்டத்திற்கொரு கடை தோன்றிற்று. பல தோட்டங்களில் அக்கடையை நடத்தியவர் கங்காணியே. அல்லது கங்காணியின் உறவினர். ஆளைக் கட்டி வந்தவரும் அவரே, வேலை வாங்கியவரும் அவரே, அரிசி பருப்பு விற்றவரும் அவரே, முடைக்குப் பணம் கொடுத்தவரும் அவரே என்றால், அவரிடம் விலையைப் பற்றி வாதாட யாருக்குத் துணிவு வரும்?

விலை இருக்கட்டும், நிறையைப் பார்ப்போம். ஊரில் வீசைக்கும் பலத்திற்கும் பழகியவர்கள் நம்மவர். இங்கே வந்து இறங்கியதும் காத்தி என்றும் தாகில் என்றும் ஒரு புதுக் கணக்கு எதிர்ப்பட்டது. வீசைக்கு நாற்பது பலம். காத்திக்குப் பதினாறு தாகில். ஒரு பலம் இன்றைய நிறையில் ஏறக்குறைய 35 கிராம். ஒரு தாகில் ஏறக்குறைய 38 கிராம். இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் வீசை 1,400 கிராம் வரும். காத்தி 605 கிராமே வரும். போதாக்குறைக்குத் துரைமாரின் ராத்தலும் நடுவே வரும். ஒரு ராத்தலும் அதில் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் ஒரு காத்தி. எழுதப் படிக்க அறியாத ஒருவன் இம்மூன்று கணக்கையும் மனத்திற் போட்டுப் பார்த்து, கோல்தராசின் முள் எங்கே நிற்கிறது என்றும் கண்டு, தனக்குரியது சரியாக வந்ததா என்று தேர்வது எளிதா? 1970களில் கிலோ நிறை வரும் வரை இந்தக் குழப்பம் தொடர்ந்தது.

அடுத்தது பற்றுப் புத்தகம். மாதம் முழுதும் கடனாகப் பெற்றதைக் கடைக்காரர் தம் கையால் எழுதுவார். சம்பள நாளில் கணக்குத் தீர்க்கப்படும். தீராத பாக்கி அடுத்த மாதத் தலைப்பில் ஏறும். 1920களின் இறுதியில் முக்கிய தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வகுக்கப்பட்டிருந்தது. ஒரே மரத்தை வெட்டுபவளுக்குப் பத்துக் காசு குறைவு! கடையில் அவளுக்குப் புளியைக் குறைந்த விலைக்கு யாரேனும் கொடுத்தனரா? 1930 இல் ரப்பர் விலை வீழ்ந்ததும் இக்கூலியும் 40, 32 காசுகளாகக் குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கூலி குறைந்தது; பழைய பற்று குறையவில்லை.

கடைக்காரர் எல்லாரும் கொடியவர் என்று நாம் கூறவரவில்லை. வேலையில்லாத மழைக்காலத்திலும், பிள்ளைப்பேற்றிலும், சாவு வீட்டிலும், கையிற் காசின்றி வந்தவளுக்கு அரிசி அளந்து கொடுத்தது அக்கடையே. வாங்கியவர் இரவோடிரவாக வேறு தோட்டத்திற்குப் போய்விட்டால் நட்டப்பட்டதும் அக்கடையே. தீமை ஒரு மனிதனின் குணத்தில் இல்லை. எழுதுகோல் ஒருவன் கையில் மட்டுமே இருந்த ஏற்பாட்டில் இருந்தது. பெரியார் 1929 இன் இறுதியில் மலாயாவுக்கு வந்து சென்ற காலத்தில் நம் சீர்திருத்தக்காரர் தோட்டப் பள்ளியையும் கள்ளுக்கடை ஒழிப்பையும் ஒரே மூச்சில் பேசியதன் காரணம் இங்கேதான் விளங்கும். நாலெழுத்துக் கற்ற பிள்ளை வீட்டில் இருந்தால், பற்றுப் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்க ஒரு கண் உண்டாகும். கள்ளுக்கடையோ அந்தக் கண்ணையும் மயங்கச் செய்யும்.

இந்த இருளின் நடுவே அக்கடையின் மூலையில் இருந்த ஒரு மூட்டை நம்மவர் உயிரைக் காத்தது என்பதைச் சிலரே அறிவர். அது ரங்கூன் புழுங்கலரிசி மூட்டை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் மலாயாவில் சுரங்கத் தொழிலாளரைப் பெருந்தொகையில் கொன்று வந்தது. கால் வீங்கும், உணர்ச்சி அறும், முடிவில் இருதயம் நிற்கும். தவிடு முழுதும் நீக்கிய வெள்ளையரிசியை உண்ட சீனத் தொழிலாளர் இதனால் மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழர் அவ்வளவாகப் பாதிக்கப்படாததை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் கவனித்து 1907 இல் நூலாக வெளியிட்டார். பின்னர் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் மருத்துவர் இருவர் அந்நாட்டிலேயே சாலை வேலையாட்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வெள்ளையரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துச் சோதித்து அவ்வுண்மையை உறுதி செய்தனர். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியினுள் இறங்கிவிடுகிறது. வெள்ளைச் சோறே மேன்மக்கள் சோறு என்றெண்ணிப் புழுங்கலை இகழ்வோர் நம்மில் இன்றும் உளர். கூலிக்காரன் சோறு என்று எள்ளப்பட்ட அதுவே உலக மருத்துவத்திற்கு ஒரு பாடமாயிற்று.

தோட்டத்துக் கடை இத்தகையதாயின் பட்டணத்துக் கடை வேறு. பினாங்கின் பசார் வீதியிலும், கிள்ளானிலும், சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலும் ஒன்றுக்குப் பத்துக் கடை இருந்தது. ஒரு கடையில் மிளகாய் வாடியிருந்தால் அடுத்த படி ஏறலாம். சிராங்கூன் சாலைப் பகுதி முன்னாளில் மாட்டு வணிகத்திற்குப் பேர்போனது. கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை என்னும் எருமைப் பெயர்கள் இன்றும் அதைச் சொல்லும். 1915 இல் அங்கே எழுந்த சந்தையை அரசாங்கத்தார் கண்டாங் கெர்பாவ் என்றனர். மக்கள் டெக்கா என்றனர். ஊரிலிருந்து கப்பலில் வந்த மல்லியும் சோம்பும் வெந்தயமும், பெருங்காயமும் நல்லெண்ணெயும், மோர்மிளகாயும் சுண்டை வற்றலும் அப்பளமும் சந்தையைச் சுற்றிய கடைகளில் சாக்குகளிலும் தகரங்களிலும் நிறைந்திருக்கும். அவற்றின் மணம் தெருக்கோடி வரை வீசும். கண்ணை மூடிக்கொண்டு வந்தவனும் எவ்விடம் வந்தோம் என்று சொல்லிவிடுவான்.

அச்சந்தையில் நாம் விரும்பி நினைக்கத் தக்கவர்கள் மசாலை அரைத்து விற்றவர்கள். மஞ்சள் ஒரு குவியல், மிளகாய் ஒரு குவியல், மல்லி ஒரு குவியல், சீரகம் ஒரு குவியலென ஈரமாக அரைத்து வைத்திருப்பார்கள். வருபவரிடம் அவர்கள் முதலிற் கேட்பது விலையையன்று. மீனா, கோழியா, ஆட்டிறைச்சியா? எத்தனை பேர் உண்ண? அதற்கேற்ப ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வழித்துச் சேர்த்துப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பர். வாங்க வந்தவர் தமிழர் மட்டுமா? சீனத் தாய்மாரும் மலாய்த் தாய்மாரும் வந்தனர். நம் வீட்டு அடுப்பிலும் மாற்றம் நேராமலில்லை. மலாய்க்காரரிடமிருந்து பெலாச்சானையும், சீனர் கடையிலிருந்து சோயாச் சாற்றையும் நாம் ஏற்றோம். சாதி பார்த்துத் தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கொடுத்த நாட்டிலிருந்து வந்தவர்கள், ஒரே அம்மியில் அரைத்த மசாலையை மூன்று இனத்தாரோடு பகிர்ந்துகொண்டனர்! எந்தச் சீர்திருத்த மாநாடும் தீர்மானம் நிறைவேற்றாமலே நடந்த சீர்திருத்தம் இது.

1942 இல் ஜப்பானியர் வந்தனர். பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு அட்டைக்குக் கிடைத்த அரிசியும் மாதத்துக்கு மாதம் குறைந்தது. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சோறாயின. மறைந்திருந்த பெரிபெரி மீண்டும் தலைகாட்டிற்று. தோட்டத்து ஆடவர் பல்லாயிரவர் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். அவர்களிற் பெருந்தொகையினர் திரும்பவில்லை. பற்றுப் புத்தகத்தில் எத்தனை பெயர்கள் தீர்க்கப்படாமல் நின்றனவோ! 1945 இல் ஆங்கிலேயர் மீண்டபோது வாழைமர நோட்டுகள் வெறுங் காகிதமாயின. அந்நோட்டுகளைப் பெட்டியிற் சேர்த்து வைத்திருந்த கடைக்காரரும் கடனாளியோடு ஒரே நாளில் ஏழையாயினர்.

1948 இல் அவசரகாலச் சட்டம் பிறந்தது. 1960 வரை நீடித்தது. காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு செல்லாதபடி தடுக்க, தகரத்தில் அடைத்த உணவைத் துளையிட்டே விற்க வேண்டும் என்றும், கட்டுப்பாட்டிலுள்ள பொருள்களை யார் எவ்வளவு வாங்கினர் என்று எழுதி வைக்கவேண்டும் என்றும் கடைகளுக்குக் கட்டளையாயிற்று. முன்பு கங்காணிக்காக எழுதப்பட்ட கணக்கு இப்போது போலீசாருக்காகவும் எழுதப்பட்டது. வேலைக்குப் போகும் தொழிலாளி சோற்றுப் பொட்டலத்தோடு வாயிலைக் கடக்கவும் தடையிருந்த இடங்கள் உண்டு. தன் உழைப்பால் வாங்கிய அரிசியைத் தான் விரும்பிய இடத்தில் உண்ணும் உரிமையும் ஒருவனுக்கு இல்லையாயிற்று.

எழுதுகோலைத் தொழிலாளியின் கைக்கு மாற்றும் முயற்சிகளும் நடந்தன. மலாய்க் கூட்டரசு மாநிலங்களில் கூட்டுறவுச் சட்டம் 1922 இல் வந்தது. அதன்பின் தோட்டங்களில் சிக்கனச் சங்கங்களும், போருக்குப் பின் கூட்டுறவுப் பண்டசாலைகளும் தோன்றின. இலாபம் பங்கு பிரிக்கப்படும். கணக்கைப் பொதுக் கூட்டத்தில் படிக்கவேண்டும். படித்துக் காட்டப்பட்ட கணக்கு! அது சிறிய செய்தியன்று. ஆனால் பல பண்டசாலைகள் நிலைக்கவில்லை. கணக்கறிந்த நிர்வாகிகள் கிடைப்பது அரிதாயிருந்தது. பண்டசாலை ரொக்கம் கேட்க, பழைய கடை கடன் கொடுத்தது. பசித்தவன் எங்கே போவான்? துண்டாடப்பட்டு வந்த தோட்டங்களைத் தொழிலாளரின் சேமிப்பாலேயே வாங்க, துன் சம்பந்தனார் முயற்சியில் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. கடையில் பாக்கி வைத்திருந்த மக்களே மாதந்தோறும் வெள்ளி சேர்த்துத் தோட்டத்திற்கு உடைமையாளராயினர் என்பது நினைக்குந்தோறும் வியப்பளிப்பது. சிங்கப்பூரில் விலையேற்றம் கடுமையாயிருந்த 1973 இல் தொழிற்சங்கத்தார் தோ பாயோவில் கூட்டுறவுப் பேரங்காடி திறந்தனர்.

இன்று பெரும்பாலான ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. அவற்றோடு தோட்டக் கடைகளும் போயின. அங்கிருந்து பட்டணம் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் பொட்டலத்தில் அடைத்த மசாலைத்தூளை, விலை அச்சிட்டபடியே வாங்குகின்றனர். டெக்காச் சந்தை 1982 இல் சாலையின் எதிர்ப்பக்கத்துக்குப் பெயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையில் நடப்பவர்கள், தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்த இளைஞர்கள் மளிகைக் கடைகளில் நெருங்கி நிற்பதைக் காணலாம். ஊர் ஊறுகாய், ஊர் முறுக்கு, தம் மாவட்டத்துக் கடலை மிட்டாய் எனத் தேடித் தேடி எடுக்கின்றனர். நிறுப்பது யந்திரம், கணக்கைக் காட்டுவது சீட்டு, கடைக்காரரிடம் அவர்கள் ரொக்கம் கொடுத்தே வாங்குகின்றனர். அவர்களிற் பலர், விமானம் ஏறுமுன்னரே ஆள் அனுப்பும் முகவருக்குப் பல மாதச் சம்பளத்தைக் கடன்பட்டு வந்தவர்கள்.