குமாஸ்தா எழுதிய விண்ணப்பம்



போன வாரம் ஒரு சாயங்காலம் எங்கள் தெருப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். கணிதத்தில் எம்.எஸ்சி. முடித்தவன். பிரான்சில் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறான். கனகசெட்டிக்குளத்தில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த கிழவன் ஒருவன் இருக்கிறான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கையில் இரண்டு பக்கம் தட்டச்சு செய்த தாள்.

"தாத்தா, லெத்ர் த மொத்திவாசியோன் ஒண்ணு எழுதச் சொல்றாங்க. எழுதி வச்சிருக்கேன். பிரெஞ்சுல தப்பு இருந்தா திருத்திக் குடுங்க" என்றான்.

அது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மதிப்பெண் பட்டியலோடு கூட ஒரு கடிதமும் வைக்க வேண்டும். நீ யார், இதுவரை என்ன செய்தாய், ஏன் இந்தப் படிப்பு, ஏன் எங்களிடம் வருகிறாய் என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இருக்க வேண்டும். அமெரிக்கக்காரர்கள் இதையே 'ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்' என்கிறார்கள். இடம் பத்து, கேட்பவர் ஐநூறு என்னும்போது மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அதனால் இந்தக் கடிதத்துக்கு மவுசு.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். பிரெஞ்சில் பெரிய தப்பு இல்லை. ஆனால் அந்த இரண்டு பக்கத்தில் இந்தப் பையன் இல்லை. சிறு வயது முதலே கணிதத்தின் அழகில் மயங்கினானாம். அவர்களுடைய நிறுவனம் உலகப் புகழ் பெற்றதாம். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். சான்றிதழ்களைப் பார்த்தேன். நடுவில் ஒரு வருஷம் காணோம்.

"இது என்னப்பா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்பாவுக்கு அந்த வருஷம் கால் ஒடிஞ்சிடுச்சு தாத்தா. நான்தான் படகுல போனேன். ரெண்டு பேப்பர் அரியர். அதப் போட்டா தள்ளிடுவாங்க."

அவனுக்கு அன்று நான் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லோருக்கும் பாதி தெரிந்த கதை. ஒரு குமாஸ்தா பார்வையில் சொன்னால் கொஞ்சம் புதிதாக இருக்கலாம்.

1913ஆம் வருஷம் ஜனவரி 16ஆம் தேதி, சென்னைத் துறைமுக டிரஸ்ட் அலுவலகத்தின் கணக்குப் பிரிவு குமாஸ்தா ஒருவர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருந்த ஜி.எச்.ஹார்டி என்பவருக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதியவர் சீனிவாச ராமானுஜன். என்னைக் கேட்டால், தமிழ்நாட்டிலிருந்து போன மேற்படிப்பு விண்ணப்பங்களில் அதற்கு மிஞ்சியது கிடையாது. விண்ணப்பப் படிவம் இல்லை, கடைசித் தேதி இல்லை, கட்டணம் இல்லை. ஆனால் மேலே சொன்ன நான்கு கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது.

நீ யார்? முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா, வருஷச் சம்பளம் வெறும் 20 பவுன். அன்றைய மாற்று விலையில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்று வைத்தால் 300 ரூபாய். பெரிய இடத்துக்கு எழுதுகிறோமே என்று சம்பளத்தை அவர் மறைக்கவில்லை.

என்ன படித்தாய்? பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, சாதாரணப் பள்ளிப் படிப்புதான், பள்ளியை விட்ட பிறகு கிடைத்த நேரத்தில் சொந்தமாகக் கணக்குப் போட்டு வருகிறேன் என்கிறார். எல்லோரும் போகும் பாதையில் போகாமல் தனக்கென்று ஒரு பாதை போட்டுக்கொண்டதாகவும் எழுதுகிறார். இல்லாததை முதலில் சொல்லிவிட்டு இருப்பதைப் பிறகு சொல்லும் ஒழுங்கைக் கவனியுங்கள்.

ஏன் எங்களிடம் வந்தாய்? இதற்குத்தான் நம் பிள்ளைகள் 'உலகப் புகழ்' என்று எழுதுகிறார்கள். ராமானுஜன் ஹார்டியின் சிறு நூல் ஒன்றைப் படித்திருந்தார். ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உண்டு என்பதற்குத் திட்டமான சூத்திரம் எதுவும் இதுவரை இல்லை என்று அதில் ஹார்டி எழுதியிருந்தார். அதைச் சுட்டிக்காட்டி, உண்மைக்கு மிக நெருக்கமாக வரும் ஒரு சூத்திரம் என்னிடம் இருக்கிறது என்கிறார். நீங்கள் பெரியவர் என்று அவர் எழுதவில்லை. உங்கள் புத்தகத்தைப் படித்தேன், அதில் விட்ட இடத்தில் நான் நிற்கிறேன் என்று எழுதுகிறார்.

என்ன வேண்டும்? நான் ஏழை, இதில் மதிப்புள்ளது ஏதாவது இருந்தால் வெளியிட வழி செய்யுங்கள், அனுபவம் இல்லாதவன், நீங்கள் சொல்லும் யோசனையை மதிப்பேன் என்று முடிக்கிறார். கூடவே பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், சுமார் 120.

முப்பது வருஷத்துக்கு மேல் மனுக்களுக்குக் குறிப்பு எழுதியவன் நான். இந்த மனு என் மேசைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், திருப்பி அனுப்பியிருப்பேன். முதல் ஆட்சேபணை வயது. சுமார் 23 என்று எழுதியிருக்கிறார். 1887 டிசம்பர் 22இல் பிறந்தவருக்கு அப்போது 25 முடிந்துவிட்டது. இரண்டாவது, சான்றிதழ் எதுவும் இணைக்கவில்லை. மூன்றாவது, தேற்றங்களுக்கு நிரூபணம் இல்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பகா எண் விஷயமே தப்பு. அவருடைய சூத்திரம் அவர் நினைத்த அளவுக்கு நெருங்கி வரவில்லை என்று பின்னால் தெரிந்தது.

திருப்பி அனுப்பியவர்களும் இருந்தார்கள். ஹார்டிக்கு முன்பே பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்களுக்கு அவர் எழுதியிருந்தார். உதவி வரவில்லை. லண்டனில் இருந்த ஹில் என்ற பேராசிரியருக்கும் அவருடைய வேலையில் சிலவற்றை இங்கிருந்து அனுப்பிவைத்தார்கள். முடிவில்லாமல் விரியும் தொடர்களைக் கையாளும்போது குழியில் விழுந்துவிட்டார் என்று பதில் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லா எண்களையும் கூட்டினால் கழித்தல் பன்னிரண்டில் ஒன்று வரும் என்று ஒரு மனுவில் இருந்தால் யார்தான் நம்புவார்கள்?

ஹார்டி அந்தக் காகிதங்களை நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்தார். சில தெரிந்தவை, சில முயன்றால் நிரூபிக்கலாம், சில அவர் பார்த்தே இராதவை. அந்தக் கடைசி வகையைப் பற்றித்தான், இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவற்றைக் கற்பனை செய்ய யாருக்கும் முடியாது என்ற கருத்தில் பின்னாளில் எழுதினார். பிப்ரவரி 8ஆம் தேதியே பதில் போட்டார். நிரூபணம் அனுப்பு என்று கேட்டார்.

பிப்ரவரி 27ஆம் தேதி ராமானுஜன் எழுதிய இரண்டாவது கடிதம்தான் எனக்கு இன்னும் பிடிக்கும். அரைப் பட்டினிக்காரன் நான், மூளையைக் காப்பாற்றிக்கொள்ளச் சாப்பாடு வேண்டும், நீங்கள் அனுதாபமாக ஒரு கடிதம் எழுதினால் அதைக் காட்டி இங்கே பல்கலைக்கழகத்திலோ அரசிடமோ உதவித்தொகை வாங்கிக்கொள்வேன் என்கிறார். உண்மையான தேவையைத் தலைகுனியாமல் சொல்லியிருக்கிறார்.

அந்த மாதமே வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தபோது அவருடைய வேலையைப் பார்த்துப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை செய்தார். 1913 மே 1 முதல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை. பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தர வேண்டும் என்று நிபந்தனை, அதையும் ஒழுங்காகக் கொடுத்தார். பிறகு வருஷம் 250 பவுன், கப்பல் செலவு தனி. அதில் மாதம் 60 ரூபாய் கும்பகோணத்தில் வீட்டுக்குப் போகும்படி ஏற்பாடு செய்துவிட்டு, 1914 மார்ச் 17ஆம் தேதி சென்னையில் கப்பல் ஏறினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அவருடைய உதவித்தொகை எதனால் நின்றது தெரியுமா? ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறாததால். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. கட்டுரையில் தோற்றவர் எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றுவிட்டது.

அப்படியானால் அந்த ஆங்கிலம் யாருடையது என்று கேட்கலாம். நாராயண ஐயர், சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் போன்ற துறைமுக அலுவலக மேலதிகாரிகளின் ஆதரவு அவருக்கு இருந்தது. நண்பர்கள் மொழியில் கைகொடுத்திருப்பார்கள் என்றுதான் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் மனு எழுதித் தருபவர்கள் இருந்தார்கள். எழுத்து அவர்களுடையது, குறை மனுதாரருடையது. குறையையே மனு எழுதுபவன் உண்டாக்கினால்தான் மோசடி. இப்போது காசு வாங்கிக்கொண்டு முழுக் கடிதமும் எழுதித் தரும் இடங்களும், கேட்டதும் எழுதிக் கொட்டும் கம்ப்யூட்டரும் இருக்கின்றன. எல்லை அதே இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இலக்கணத்துக்கு உதவி கேட்கலாம். வாழ்க்கையைக் கடன் வாங்கக் கூடாது.

பிரெஞ்சுக்காரர்கள் பழக்கம் வேறு. அவர்கள் நம்பியது கொன்கூர் என்னும் போட்டித் தேர்வை. நீ யார் என்று கேட்க மாட்டார்கள், தாளைப் பார்த்து வரிசை போடுவார்கள். நியாயமாகத்தான் தெரியும். ஆனால் எவரிஸ்து கலுவா என்ற கணித மேதை பாரிசில் எக்கோல் பொலிதெக்னிக் நுழைவுத் தேர்வில் 1828இலும் 1829இலும் தோற்றார். 1832இல், இருபது வயதில், துப்பாக்கிச் சண்டைக்குப் போவதற்கு முந்தின இரவு தன் கண்டுபிடிப்புகளை நண்பருக்கு ஒரு கடிதமாக எழுதி வைத்தார். தேர்வு பார்க்காததை அந்தக் கடிதம் காப்பாற்றியது.

அதற்காகக் கடிதமுறை சுத்தமானது என்றும் சொல்ல மாட்டேன். 1920களில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்ற அமெரிக்கக் கல்லூரிகள் மதிப்பெண் போதாது, குணமும் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தன. நல்ல மதிப்பெண்ணோடு வந்த யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 'உன்னைப் பற்றிச் சொல்' என்ற கேள்வி கதவைத் திறக்கவும் செய்யும், அடைக்கவும் செய்யும். படிப்பவர் ஹார்டியா இல்லையா என்பதைப் பொறுத்தது.

இனி என் கதை. பள்ளியில் எங்களுக்கு திசெர்த்தாசியோன் எழுதச் சொல்லித் தருவார்கள். முன்னுரை, வாதம், எதிர்வாதம், முடிவு. அதில் 'ழெ' வரவே கூடாது, அதாவது 'நான்' என்று எழுதக் கூடாது. எழுதினால் சிவப்பு மை. மனு எழுதுவதென்றால் 'ழே லொன்னேர் த சொலிசித்தே' என்று ஆரம்பித்துத் தங்கள் மேலான கருணையை வேண்டுகிறேன் என்று முடிப்போம். அங்கேயும் ஆள் வணங்கிக்கொண்டிருப்பானே தவிரப் பேச மாட்டான்.

பதினெட்டு வயதில் எனக்கும் ஒரு உதவித்தொகைப் படிவம் கிடைத்தது. எல்லாக் கட்டமும் நிரப்பினேன். கடைசியில், ஏன் மேலே படிக்க விரும்புகிறாய் என்று ஒரு கட்டம், பத்து வரிக்கு இடம். சரித்திரம் படிக்க வேண்டும் என்று மனதில் அவ்வளவு ஆசை இருந்தது. அப்பா வேலையை விட்டு வீட்டில் இருந்தார், அதை எழுதக் கூச்சம். 'நான்' என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. தங்கள் கருணையை வேண்டுகிறேன் என்று ஒன்றரை வரி எழுதி அனுப்பினேன். கிடைக்கவில்லை. யாரையும் குறை சொல்ல மாட்டேன். அந்த ஒன்றரை வரியில் அவர்கள் யாரைத் தேர்ந்தெடுப்பார்கள்? அடுத்த வருஷம் எல்.டி.சி. வேலையில் சேர்ந்தேன். சரித்திர ஆசைக்கு இந்தப் பக்கம்தான் வடிகால்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பையன் சொன்னான், "ராமானுஜன் ராமானுஜன் தாத்தா. நான் என்ன தேற்றத்த வச்சு அனுப்புறது?"

நியாயமான கேள்வி. "படகில் போன அந்த வருஷம் கணக்குப் பக்கமே போகலையா?" என்று கேட்டேன்.

"ராத்திரியில லீனியர் அல்ஜிப்ரா புக்கு ஒண்ணு முழுசாப் போட்டேன். பயிற்சிக் கணக்கு எல்லாம். மூணு நோட்டு இருக்கு. ரெண்டு எடத்துல புக்குலயே தப்புன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா ஒண்ணுல நான்தான் தப்பு."

"இன்னொன்றில்?"

"புக்குதான் தப்பு."

எனக்குக் கணக்கு வராது. ஆனாலும் இது கடிதத்தில் இருக்க வேண்டிய சங்கதி என்று தெரிந்தது. வருஷத்தையும் எழுது, அரியரையும் எழுது, நோட்டையும் எழுது, தப்பு செய்த இடத்தையும் எழுது என்றேன். அவர்களுடைய பேராசிரியர் ஒருவருடைய கட்டுரையையாவது உண்மையாகப் படித்துவிட்டு, எங்கே புரியவில்லை என்று எழுது என்றும் சொன்னேன்.

நேற்று புதுத் தாளோடு வந்தான். ஒரு பக்கம்தான். முதல் வரியே 'ழெ' என்று ஆரம்பித்தது. மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன், வேறு எதையும் தொடவில்லை. இடம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. ஹார்டிக்கு முன்னால் ராமானுஜனுக்கே உதவாதவர்கள் இருந்தார்கள் என்று அவனிடமும் சொல்லியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.