கருணை மனுவும் மக்கள் கையொப்பமும்: மலாயா, சிங்கப்பூர் வரலாற்றில் சில வழக்குகள்

முன்னுரை

மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒருவருக்காக அரசிடம் உயிர்ப்பிச்சை கேட்பது தமிழ் மரபுக்குப் புதியதன்று. புறநானூற்றின் 46, 47ஆம் பாடல்கள் கோவூர்கிழார் பாடியவை. மலையமானின் இளஞ்சிறார்களை யானைக் காலில் இடுவிக்க முனைந்த கிள்ளிவளவனைத் தடுக்க அவர் பாடியது முதற் பாடல். ஒற்றன் என ஐயுற்றுப் புலவர் இளந்தத்தனைக் கொல்லப் புகுந்த நெடுங்கிள்ளியைத் தடுக்கப் பாடியது இரண்டாவது பாடல். இரண்டும் உயிர் காக்கும் வேண்டுகோள்களே. ஆயினும் அவற்றின் தன்மை வேறு. முன்னது அரசனின் குடிப்பெருமையையும் சிறுவர்களின் இளமையையும் எடுத்துக்காட்டி இரக்கம் கோருகிறது. பின்னது, கொல்லப்படவிருப்பவன் குற்றமற்றவன் என வாதிடுகிறது. கருணை கோருதலும் நீதி கோருதலும் ஒன்றல்ல என்பதை இவ்விரு பாடல்களும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றன.

இருபதாம் நூற்றாண்டில் புலவர் ஒருவரின் குரலுக்குப் பதிலாகப் பல்லாயிரவரின் கையொப்பம் வந்தது. அக்கையொப்பங்களைத் திரட்டும் பணியைத் தன்னார்வலர்கள் ஏற்றனர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நடந்த சில வழக்குகளைக் கொண்டு, கருணை மனு இயக்கம் எவ்வாறு இயங்கியது, எதனால் வென்றது, எதனால் தோற்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறுபத்து நான்கு நாள்கள்

அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய எஸ்.ஏ. கணபதி 1949 மார்ச் 1ஆம் நாள் ரவாங் வட்டாரத்தில் கைது செய்யப்பட்டார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. தாம் கண்டெடுத்த துப்பாக்கியைக் காவல்துறையிடம் ஒப்படைக்கச் சென்றுகொண்டிருந்ததாக அவர் கூறினார். அவசரகாலச் சட்டவிதிகளின்படி, உரிமமின்றித் துப்பாக்கி ஏந்தியவருக்கு மரணமே தண்டனை. அதே மாதத்தில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அவருக்கு அத்தண்டனையை விதித்தது. மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. இந்திய அரசாங்கம் அவருக்காகக் கருணை கோரியது. எனினும் மே 4ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். கைதுக்கும் மரணத்துக்கும் இடைப்பட்டவை அறுபத்து நான்கு நாள்களே.

இவ்வழக்கை நோக்குவோர் பெரும்பாலும் அரசுகளுக்கிடையே நடந்த முறையீடுகளையே பேசுவர். நாம் கேட்க வேண்டிய வினா வேறு. பல்லாயிரம் தொழிலாளர்களைத் தழுவி நின்ற ஓர் அமைப்பின் தலைவருக்காக அத்தொழிலாளர்கள் தோட்டந்தோறும் கையொப்பம் திரட்டும் வாய்ப்பு இருந்ததா? விடை அவர் கைதாவதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. 1948 ஜூன் மாதத்தில் சம்மேளனம் சட்டப்படியான நிலையை இழந்தது. அதே மாதம் அவசரகாலம் பிறந்தது. தொழிற்சங்கப் பொறுப்பாளர்களில் பலர் சிறைப்பட்டனர். சிலர் நாடு கடத்தப்பட்டனர். சிலர் காட்டுக்குள் சென்றனர். கணபதி தூக்கிலிடப்படுவதற்கு முந்தைய நாள், மற்றொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். இத்தகைய சூழலில் ஒரு மனுவின் கீழ்த் தம் பெயரை எழுதுவதே தம்மைத்தாமே காட்டிக்கொடுப்பதாக ஒரு தொழிலாளிக்குத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை. இரக்கம் இருந்தும் அதனைத் திரட்டும் கைகள் கட்டப்பட்டிருந்தன. ஆகவே கருணை மனு கடல் கடந்த அரசுகளின் கடிதப் போக்குவரத்தாகவே நின்றுவிட்டது.

காலம் கிடைத்தோர்

அதே காலத்தில் அதே சட்டவிதிகளின்கீழ்த் தண்டிக்கப்பட்ட மற்றொரு தமிழர் சம்பசிவம். 1948 செப்டம்பரில் ஜொகூரில் பிடிபட்ட அவர்மீது, துப்பாக்கி ஏந்தியதாகவும் தோட்டாக்கள் வைத்திருந்ததாகவும் இரு குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. முதல் விசாரணையில் தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றச்சாட்டுக்கு மறுவிசாரணை நடந்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. ஒரு குற்றச்சாட்டில் விடுதலை பெற்றவரை, அக்குற்றத்தையும் அவர் செய்தவரே எனக் கொண்டு மற்றொரு விசாரணையில் தண்டித்தல் ஆகாது என்னும் அடிப்படையில், 1950இல் பிரிவி கவுன்சில் தண்டனையை நீக்கியது. இத்தீர்ப்பு இன்றளவும் பொதுச்சட்ட நாடுகளின் நீதிமன்றங்களில் மேற்கோளாக எடுத்தாளப்படுகிறது.

லீ மெங் வழக்கும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. 1952இல் ஈப்போவில் கைதான இச்சீனப் பெண்மணிக்காக வாதாடியவர் எஸ்.பி. சீனிவாசகம். முதல் விசாரணையில் நீதிபதிக்குத் துணையாக அமர்ந்த அசெசர்கள் அவரைக் குற்றமற்றவர் என்றனர். நீதிபதி அதனை ஏற்காமல் மறுவிசாரணைக்கு ஆணையிட்டார். மறுவிசாரணையில் மரண தண்டனை கிடைத்தது. பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. ஆயினும் அதற்குள் வழக்கு உலகறிந்ததாகியிருந்தது. ஹங்கேரி அரசு தன் சிறையிலிருந்த பிரிட்டிஷ் வணிகர் ஒருவரை இவருக்கு ஈடாக விடுவிக்க முன்வந்தது. பிரிட்டன் அதை மறுத்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் பலர் கருணை கோரிக் கையொப்பமிட்டனர். 1953 மார்ச்சில் பேராக் சுல்தான் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தார்.

சம்பசிவம் நீதியால் பிழைத்தார்; லீ மெங் கருணையால் பிழைத்தார். கணபதிக்கு வாய்க்காத ஒன்று இவ்விருவருக்கும் வாய்த்தது. அது காலம். மேல்முறையீட்டின் ஒவ்வொரு படியும் மனுவுக்குச் சில வாரங்களை ஈட்டித் தந்தது.

ஓர் இலட்சத்து ஒன்பதாயிரம் கையொப்பங்கள்

பொதுமக்களே முன்னின்று நடத்திய கருணை மனு இயக்கத்துக்குத் தெளிவான சான்று யோங் வுய் கோங் வழக்காகும். சபா மாநிலத்தைச் சேர்ந்த இவ்விளைஞர் 2007 ஜூன் மாதத்தில், தம் 19ஆம் வயதில், 47.27 கிராம் டயாமார்ஃபினுடன் சிங்கப்பூரில் பிடிபட்டார். 15 கிராமுக்கு மேற்பட்டால் கட்டாய மரண தண்டனை என்பதே அன்றைய சட்டம். 2009இல் தண்டனை விதிக்கப்பட்டது. அவரது முதல் கருணை மனு அவ்வாண்டு நவம்பரில் நிராகரிக்கப்பட்டது. டிசம்பர் 4ஆம் நாள் தூக்கு எனக் குறிக்கப்பட்டிருந்த நிலையில், வழக்கறிஞர் எம். ரவி நீதிமன்றத்தில் தடையாணை பெற்றார். இயக்கம் வளர்வதற்கான காலம் அத்தடையாணையால் கிடைத்தது.

2010 மே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கட்டாய மரண தண்டனைக்கு எதிரான வாதங்களைத் தள்ளுபடி செய்தது. அதன்பின் மனு அளிக்க மூன்று மாதக் கெடு தொடங்கியது. மலேசியாவில் குடிமை அமைப்புகளும் தன்னார்வலர்களும் கையொப்பம் திரட்ட இறங்கினர். இப்பணி வெளியிலிருந்து பார்ப்போர்க்கு எளிதாகத் தோன்றும். நடைமுறையில் அதன் நுட்பங்கள் பல. முதலாவது, மனுவின் வாசகம். இவ்வழக்கில் குற்றம் மறுக்கப்படவில்லை. ஆகவே தன்னார்வலர் மக்கள்முன் எடுத்துச் சென்றது, கோவூர்கிழாரின் முதற் பாடல் போன்ற வேண்டுகோளே: இளம் வயது, வறுமை, சிறையில் பௌத்த நெறியில் தோய்ந்து திருந்திய உள்ளம், இரண்டாவது வாய்ப்பு. இரண்டாவது, மொழி. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் எனப் பல மொழி வழங்கும் நாட்டில், தாம் எதற்குக் கையொப்பமிடுகிறோம் என்பது ஒவ்வொருவருக்கும் விளங்கியாக வேண்டும். மூன்றாவது, மக்களின் ஐயம். போதைப்பொருளால் சீரழிந்த குடும்பங்கள் அறியாத சமூகம் எதுவும் இங்கில்லை. குற்றத்தை ஆதரிக்கவில்லை, உயிரை மட்டுமே கேட்கிறோம் என்னும் வேறுபாட்டைச் சந்தையிலும் கோயில் வாசலிலும் நின்று பொறுமையாக விளக்க வல்லவரே இப்பணிக்கு உரியவர். நான்காவது, மனுவைப் பெறுபவர் யார் என்பது. மலேசிய மக்களின் கையொப்பம் மலேசிய அரசிடம் சென்று பயனில்லை. எல்லை கடந்து சிங்கப்பூர் அதிபரைச் சேர வேண்டும். மலேசிய வெளியுறவு அமைச்சரும் சிங்கப்பூருக்குக் கடிதம் எழுதினார்.

2010 ஆகஸ்டு 24ஆம் நாள் யோங்கின் குடும்பத்தார் 1,09,346 கையொப்பங்கள் அடங்கிய மனுவை இஸ்தானாவின் வாயிலில் ஒப்படைத்தனர்.

மனுவின் முகவரி

கையொப்பங்கள் சென்று சேர்ந்தன; ஆனால் அவை யாரை நோக்கிச் சென்றன? இவ்வழக்கு எழுப்பிய ஆழ்ந்த வினா இதுவே. கருணை வழங்குவது அதிபரின் தனிப்பட்ட அதிகாரமா என்பது நீதிமன்றத்தின் ஆய்வுக்கு வந்தது. 2011 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இவ்விடயத்தில் அதிபர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே செயல்பட வேண்டியவர் எனத் தீர்ப்பளித்தது. கருணை அதிகாரம் சட்ட வரம்புகளுக்கு அப்பாற்பட்டதன்று என்பதையும் அத்தீர்ப்பு ஏற்றது. கிள்ளிவளவன் முன் நின்ற புலவர்க்கு அரசனின் முகம் தெரிந்தது. இக்கால மனுதாரர் முன் நிற்பதோ ஓர் அமைச்சரவை.

இதனால் இயக்கம் வீணாயிற்று எனக் கருதுதல் தவறு. வழக்கு நீடித்த ஆண்டுகளில் கட்டாய மரண தண்டனை பற்றிய விவாதம் வளர்ந்தது. 2012இல் சிங்கப்பூர் அரசு சட்டத்தைத் திருத்தியது. போதைப்பொருளைக் கொண்டுசெல்பவராக மட்டுமே இருந்து, அதிகாரிகளுக்குக் கணிசமான உதவி புரிந்தவர் எனச் சான்று பெற்றோருக்கும், மனநலக் குறைபாட்டால் பொறுப்புணர்வு குன்றியோருக்கும் மரணத்துக்கு மாற்றாக ஆயுள் தண்டனை விதிக்க வழி பிறந்தது. 2013 நவம்பர் 14ஆம் நாள் யோங்கின் தண்டனை ஆயுள் சிறையாகவும் 15 பிரம்படியாகவும் மாற்றப்பட்டது. அவரைக் காத்தது கருணை ஆணையன்று, திருத்தப்பட்ட சட்டம். அச்சட்டம் வரும்வரை அவர் உயிரோடிருக்க உதவியவை வழக்குகளும் அவற்றைச் சூழ்ந்து நின்ற மக்கள் கவனமுமே.

அதே திருத்தம் எல்லாரையும் காக்கவில்லை. ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் 2009இல் 42.72 கிராம் டயாமார்ஃபினுடன் பிடிபட்டவர். அவருடைய நுண்ணறிவு எண் 69 என மருத்துவ மதிப்பீட்டில் பதிவாகியிருந்தது. ஆனால் சட்டம் கூறும் விலக்குக்குள் அவர் வரவில்லை என நீதிமன்றங்கள் முடிவு செய்தன. 2021 நவம்பரில் தண்டனை நாள் அறிவிக்கப்பட்டபோது கையொப்பங்கள் இணையவழி மிக விரைவாகத் திரண்டன. மலேசியப் பிரதமர் கடிதம் எழுதினார். ஹொங் லிம் பூங்காவில் மக்கள் மெழுகுவத்தி ஏந்தி நின்றனர். ஆயினும் 2022 ஏப்ரல் 27ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். கையொப்பத்தின் எண்ணிக்கை மட்டுமே உயிரைக் காக்காது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டியதில்லை.

முடிவுரை

மேற்கண்ட வழக்குகளிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, கருணை மனு இயக்கம் தழைக்க அச்சமின்றிக் கூடும் உரிமை வேண்டும். 1949இல் அது இல்லை. இரண்டாவது, மனுவுக்குக் காலம் வேண்டும். அக்காலத்தை நீதிமன்றத்தில் வழக்கறிஞரே ஈட்டித் தருகிறார். எனவே தன்னார்வலரும் வழக்கறிஞரும் ஒருவருக்கொருவர் துணையாவர். மூன்றாவது, ஒரு மனு தோற்றாலும் அது எழுப்பிய வினா அடுத்த வழக்குக்குச் செல்கிறது. மலேசியா 2023இல் கட்டாய மரண தண்டனையை நீக்கியது. சிங்கப்பூரில் 1998க்குப் பிறகு முதன்முறையாக 2025 ஆகஸ்டில் ஒரு மரண தண்டனைக் கைதிக்குக் கருணை வழங்கப்பட்டது.

இத்துறையில் ஆய்வாளர் செய்ய வேண்டிய பணி ஒன்றுண்டு. தீர்ப்புகள் சட்டத் தொகுப்புகளில் நிலைத்து நிற்கின்றன. ஆனால் சந்தைகளில் மேசை போட்டு அமர்ந்தவர்கள், கையொப்பத் தாள்களை எண்ணிக் கட்டியவர்கள், மனுவைத் தமிழில் எழுதித் தந்தவர்கள் ஆகியோரின் அனுபவங்கள் எங்கும் பதிவாவதில்லை. மாதிரிப் படிவங்கள், துண்டறிக்கைகள், கூட்டக் குறிப்புகள் ஆகியவை வீட்டு அலமாரிகளிலிருந்து பழைய தாளோடு தாளாகக் கழிக்கப்படுகின்றன. அவற்றைத் திரட்டுவதும், இன்று நம்மிடையே வாழும் தன்னார்வலரின் வாய்மொழியைப் பதிவு செய்வதும் இந்நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் ஏற்கத்தக்க பணியாகும். கோவூர்கிழாரின் வேண்டுகோள் இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்மிடம் இருப்பதற்குக் காரணம், யாரோ ஒருவர் அதனைத் தொகுத்து வைத்ததே.