கண்டதும் கொண்டதும்: திருவரங்க மரபில் இறையனுபவமும் பொருள்கோளும்

'கண்டேன்' என்று ஒருவர் சொன்னால் அந்தக் காட்சி எதற்குச் சான்றாகும்? மேலைச் சமயவியலில் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியிட்ட நூல். சொல்லில் அடங்காமை, அறிவு தருதல், நீடித்து நில்லாமை, தன்வசம் இழத்தல் என்று இறையனுபவத்துக்கு நான்கு அடையாளங்களை அவர் வகுத்தார். அனுபவம் முந்தியது, விளக்கம் பிந்தியது என்ற எண்ணம் அவர் வழிவந்தோரிடம் வேரூன்றியது. 1978இல் ஸ்டீவன் காட்ஸ் அதை மறுத்தார். ஒருவர் வளர்ந்த சமயமும் மொழியும் பயிற்சியும் அவர் காணப்போவதை முன்கூட்டியே வடிவமைத்துவிடுகின்றன, இடையீடு இல்லாத தூய அனுபவம் என ஒன்று கிடையாது என்பது அவர் வாதம். ராபர்ட் ஃபோர்மன் முதலியோர் 1990இல் இதற்கு எதிர்வாதம் வைத்தார்கள். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

இதே வழக்கு காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. திருவரங்கத்து ஆசாரியர்கள் அனுபவத்தின் தீவிரத்தை அதன் உண்மைக்குச் சான்றாகக் கொள்ளவில்லை. அதற்காக அனுபவத்தை நூலறிவின் எதிரொலி என்று தள்ளிவிடவும் இல்லை. அவர்களுடைய நிலைப்பாடு ஜேம்ஸ், காட்ஸ் இருவருடையதையும்விட நுட்பமானது என்பதே என் வாதம்.

அடித்தளம் இட்டவர் இராமானுசர். பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில், மறைநூலே பிரம்மத்தை அறியும் வாயில் என்று கூறும் மூன்றாம் சூத்திரத்தை விளக்கும் இடத்தில், யோகியின் காட்சி பிரம்மத்துக்குப் பிரமாணம் ஆகுமா என்று கேட்டு, ஆகாது என்கிறார். இடைவிடாத பாவனையால் எழும் அந்தக் காட்சி எவ்வளவு தெளிவாக இருந்தாலும், முன்பு அறிந்ததையே மீண்டும் கொண்டுவந்து நிறுத்துகிறது. புதிதாக ஒன்றை அறிவிக்க அதற்கு வலு இல்லை. பக்தி இயக்கத்தின் பேராசிரியர் எனப் போற்றப்படுபவர் இப்படிச் சொல்லியிருப்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அதே நூலின் தொடக்கத்தில் அவரே இன்னொன்றும் சொல்கிறார். உபாசனை என்பது எண்ணெய் ஒழுக்குப்போல் அறாத நினைவு. அது முதிர்ந்து நேரில் காண்பதற்கு நிகரான தெளிவை எட்டுகிறது. வீட்டுக்கு வழியும் அதுவே. அந்த நினைவு யாருக்கு இனிக்கிறதோ அவரை இறைவனே தேர்ந்துகொள்கிறான். இரண்டு கூற்றும் முரணல்ல. காட்சியின் தெளிவு உயிரைக் கரையேற்றும், ஆனால் வாதத்தில் சாட்சி சொல்லாது. ஒருவரது அனுபவத்தின் பயன் வேறு, அதன் சான்றுரிமை வேறு. இந்தப் பிரிவினையை இன்றைய விவாதங்களில் நான் அரிதாகவே காண்கிறேன்.

இனி ஓர் அனுபவத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். உறையூரில் பாணர் குலத்தில் வளர்ந்தவர் எனப்படும் திருப்பாணாழ்வாரின் அமலனாதிபிரான் பத்தே பாட்டு. பாடியவர் தம் பெயரைப் பொறிக்கவில்லை, ஓதுவோருக்கு இன்ன பயன் என்றும் சொல்லவில்லை. தெற்கு நோக்கிப் பள்ளிகொண்ட பெரிய பெருமாளின் திருவடியில் கண் பதிகிறது. பிறகு சிவந்த ஆடை, உந்தி, வயிற்றில் கட்டிய உதரபந்தம், திருமார்பு, கழுத்து, வாய், கண்கள், முழுமேனி என்று மேலே ஏறுகிறது.

கண் காண்பது ஒரு கருவறைத் திருமேனி. ஆனால் அங்கம் பலவற்றோடும் ஒரு பழங்கதை ஒட்டிக்கொண்டே வருகிறது. ஆடையைக் காணும்போது அரக்கரை வென்ற இராமன் வருகிறான். உந்தியைக் காணும்போது அரங்கத்தில் கிடப்பவன் வடவேங்கடத்தில் நிற்பவனாகிறான். உதரபந்தத்தோடு இலங்கைப் போர், கழுத்தோடு உலகை உண்ட கதை, கண்களோடு இரணியன். காட்ஸ் இதைப் படித்திருந்தால் தம் கட்சிக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை என்றிருப்பார். இராமானுசர் சொன்ன 'முன்பு அறிந்ததன் மீள்வரவு' இங்கே வரிக்கு வரி நடக்கிறது.

ஆனால் ஏழாம் பாட்டில் நடப்பது வேறு. சங்கு, ஆழி, மலைபோன்ற மேனி, துளசி மணக்கும் முடி, பாம்பணை எனக் கண்முன் உள்ளவை மட்டுமே வருகின்றன. அவதாரக் கதை ஒன்றும் இல்லை. சிவந்த வாயைக் கண்டதும் பாடுபவர் அரற்றிவிடுகிறார், மனம் பறிபோயிற்று என்கிறார். கற்று வைத்திருந்த கதைகளெல்லாம் அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தன. சேர்ந்த இடத்தில் அவை சற்றே விலகி நிற்கின்றன. அனுபவம் முழுவதையும் மரபே வனைகிறது என்ற கோட்பாட்டால் இந்தப் பாட்டை விளக்க முடியாது. எட்டாம் பாட்டில் இரணியன் கதை திரும்பி வந்துவிடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கதையற்ற அந்த நிலை நீடிக்கவில்லை.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஐந்தாம் பாட்டு. அரங்கன் பழவினையை அறுத்து, தம்மைத் தனக்கு உரியவராக்கி, உள்ளேயும் புகுந்துவிட்டான் என்று சொன்ன ஆழ்வார், இதற்காகத் தாம் கடுந்தவம் ஏதும் செய்திருந்தாரோ, தெரியவில்லையே என்று திகைக்கிறார். அனுபவித்தவரே தம் அனுபவத்துக்குக் காரணம் தேடி, கிடைக்காமல் நிற்கும் இடம் இது. பொருள்கோள் பிற்காலத்து உரைகாரர் கொண்டுவந்து போர்த்தியது அல்ல, அனுபவத்தின் நடுவிலேயே அது தொடங்கிவிடுகிறது.

இந்தப் பத்துப் பாட்டுக்குப் பெரியவாச்சான் பிள்ளையும், அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரும், வேதாந்த தேசிகரும் உரை வரைந்தார்கள். தேசிகரின் உரைக்கு முனிவாகன போகம் என்று பெயர். முதல் மூன்று பாட்டுகளின் முதலெழுத்துகளான அ, உ, ம மூன்றும் சேர்ந்து பிரணவம் ஆகின்றன என்பது வைணவப் பெரியோர் எடுத்துக்காட்டும் நயம். தன்னை மறந்து பாடிய பாணரின் பாட்டில் வேதத்தின் வித்தைக் காட்டுவது அவருக்குச் செய்த பெரிய மரியாதை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஐந்தாம் பாட்டின் 'தெரியவில்லையே' என்ற திகைப்பு, மறை முழுதும் உணர்ந்தவர் என்ற பெருமையின் அடியில் ஓரளவு மறைந்துபோகிறது. இது உரைமரபின் இழப்பு என்றே கருதுகிறேன்.

அதே மரபின் ஆக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நம்பிள்ளை திருவரங்கத்தில் திருவாய்மொழிக்குச் சொன்ன விளக்கத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியதே ஈடு. நம்மாழ்வார் ஒரு பதிகத்தில் பூரிப்பதும் அடுத்ததில் கதறுவதும் ஏன் என்ற கேள்விக்கு ஈடு தரும் விடை நுட்பமானது. ஆழ்வாருக்கு வாய்த்தது மனத்தால் அனுபவித்த மானச சாட்சாத்காரம். அதன் தெளிவால் இறைவன் எதிரே நிற்கிறான் என்றே எண்ணிக் கையை நீட்டுகிறார். புறத்தே தழுவ ஒன்றும் அகப்படாமல் துடிக்கிறார். உரைகாரர்கள் ஆழ்வாரைத் தெய்வப் பிறவியாகவே போற்றியவர்கள். அப்படியிருந்தும் அகக்காட்சியையும் புறக்காட்சியையும் அவர்கள் ஒன்றாக்கவில்லை.

தனி ஒருவரின் காட்சி பலரது காட்சியாகும்போது சிக்கல் இன்னொரு வடிவம் கொள்கிறது. 15ஆம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் பெரிய கோயிலில் ஓராண்டுக் காலம் ஈடு காலட்சேபம் செய்து நிறைவேற்றிய நாளில், ஒரு சிறுவன் அவைக்கு வந்து, ஆசாரியரைப் போற்றும் தனிச் சுலோகமான தனியன் ஒன்றைச் சொல்லி மறைந்தான். வந்தவர் நம்பெருமாளே என்று அவை தெளிந்தது என்கிறது குருபரம்பரை. கோஷ்டி முழுவதும் கண்டது ஒரு சிறுவனை. அவன் யார் என்று முடிவு செய்தது மரபு. வைணவத்தின் இரு பிரிவினருள் தென்கலையார்க்கு இன்றும் அது ஆசாரியனுக்கு அரங்கனே தந்த தனியன். வடகலையார் அதைச் சேவிப்பதில்லை, தேசிகரின் தனியனையே சேவிக்கிறார்கள். கோயிலில் எந்தத் தனியனை முதலில் சொல்வது என்ற சச்சரவு காஞ்சிபுரத்தில் நீதிமன்றம் வரை போனது. கண்டவர் எண்ணிக்கை கூடினாலும் சான்றுரிமை கூடிவிடுவதில்லை.

ஆற்றைத் தாண்டி மலைக்கோட்டைக்கு வந்தால் உரைகாரர் இல்லாத ஓர் அனுபவத்தைக் காணலாம். 18ஆம் நூற்றாண்டில், விஜயரங்க சொக்கநாதரின் அரசில் பணியாற்றிய தாயுமானவருக்கு இங்கேதான் மௌனகுரு வாய்த்தார். உபதேசம் 'சும்மா இரு' என்பதுதான். பேச்சற்ற அனுபவம் எந்த மரபையும் சாராது என்று நாம் எளிதில் நினைத்துவிடுவோம். தாயுமானவரோ அந்தக் குருவைத் திருமூலர் மரபில் வந்தவராகவே வாழ்த்துகிறார், தாம் பெற்ற நிலைக்கு வேதாந்த சித்தாந்த சமரசம் என்று பெயரிடுகிறார். மௌனத்துக்கும் ஒரு குலமுறை தேவைப்பட்டிருக்கிறது. உரைகாரர் செய்யும் வேலையைப் பாடியவரே செய்துகொண்டார்.

மீண்டும் பாணரிடம் வருகிறேன், ஏனெனில் பொருள்கோள் சிலருக்கு நியாயமும் சிலருக்கு அநியாயமும் செய்யும். காவிரிக் கரையில் மெய்ம்மறந்து நின்றவரை, பெருமாளுக்குத் தீர்த்தம் எடுக்க வந்த உலோகசாரங்க முனி விலகச் சொன்னார். அவர் காதில் அது விழவில்லை. கல் வீச்சில் நெற்றியில் குருதி வழிந்தது. அதே குருதி கருவறையில் பெருமாள் நெற்றியிலும் வழிந்தது. முனியே அவரைத் தோளில் சுமந்து உள்ளே வந்தார் என்கிறது குருபரம்பரைக் கதை. பத்துப் பாட்டில் கல்லும் இல்லை, முனியும் இல்லை. ஒரே மெய்ம்மறதியை முனி அவமதிப்பு என்று படித்தார், அரங்கன் அன்பு என்று படித்தான். யாருடைய வாசிப்பு சரி என்பதைக் கதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறது. சொல்லியும், அந்த ஒருவருக்குத் திறந்த வழி அவர் குலத்தாருக்குத் திறக்கவில்லை. ஓர் அனுபவத்தை அற்புதம் என்று வகைப்படுத்தினால் அதை விதிவிலக்காகவே வைத்துக்கொள்ளலாம். விதியை மாற்ற வேண்டியதில்லை. தமிழகக் கோயில்களில் நுழைய எல்லா இந்துக்களுக்கும் சட்டப்படி உரிமை கிடைத்தது 1947இல்தான்.

இறையனுபவத்தைப் பற்றி ஆய்வு செய்யும் தமிழ் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜேம்ஸையும் காட்ஸையும் படியுங்கள். ஆனால் அமலனாதிபிரானின் மூன்று உரைகளையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டு, உரை இல்லாமல் மூலத்தை மட்டும் மீண்டும் ஒருமுறை படித்த பிறகு எழுதத் தொடங்குங்கள்.