நடிக்கப்படும் போரும் நடிக்கப்படாத வெளியேற்றமும்: ஸ்பெயினின் மூர் - கிறிஸ்தவர் விழாக்கள்

வரலாற்றை ஏடுகளில் கற்பது ஒரு வழி. அது நிகழ்ந்த மண்ணிலேயே, அக்கால உடையணிந்து, அதனை மீண்டும் நடித்துக் காட்டுவது மற்றொரு வழி. இவ்விரண்டாம் வழியைச் சுற்றுலாத் துறையினரும் கல்வியாளரும் இன்று பல நாடுகளில் பெரிதும் போற்றுகின்றனர். பாடநூலைத் திறக்க மனமில்லாத இளைஞனும் குதிரைகளின் குளம்பொலி கேட்டால் தெருவுக்கு ஓடி வருவான். ஆனால் ஓடி வந்தவன் வீடு திரும்பும்போது எதைக் கற்றுக்கொண்டு போகிறான் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. இவ்வினாவுக்கு விடை தேட ஸ்பெயினின் ‘மூர் - கிறிஸ்தவர்’ விழாக்களைவிடப் பொருத்தமான களம் அரிது. அங்கே அரங்கேற்றப்படுவது அந்தலூஸ் முஸ்லிம்களின் கதை. அதனை நடிப்பவர்களோ அவர்களை வென்றோரின் வழித்தோன்றல்கள்.

அல்கோய் நகரின் மூன்று நாட்கள்

ஸ்பெயினின் கிழக்கே, பழைய வலென்சிய அரசின் மலைப்பகுதியில் அமைந்த தொழில் நகரம் அல்கோய். அங்கே ஏப்ரல் இறுதியில் மூன்று நாட்கள் நடைபெறும் விழாவே இவ்வகை விழாக்களில் மிகப் புகழ் பெற்றது. பதினேழாம் நூற்றாண்டிலேயே இது பற்றிய எழுத்துச் சான்று கிடைக்கிறது. 1980இல் ஸ்பானிய அரசு இதனைப் பன்னாட்டுச் சுற்றுலாச் சிறப்புடைய விழாவாக அறிவித்தது.

நகர மக்கள் இருபத்தெட்டுக் குழுக்களாகப் பிரிந்துள்ளனர். பதினான்கு மூர்களுடையவை, பதினான்கு கிறிஸ்தவர்களுடையவை. முதல் நாள் இரு படைகளும் ஊருக்குள் நுழையும் அணிவகுப்பு. காலையில் கிறிஸ்தவர் வருவர். மாலையில் மூர்கள் வருவர். இரண்டாம் நாள் நகரின் காவலராகக் கருதப்படும் புனித ஜார்ஜுக்குரியது. மூன்றாம் நாள் போர். நகரச் சதுக்கத்தில் எழுப்பிய மரக் கோட்டையின் முன் மூர்களின் தூதர் வந்து சரணடையுமாறு கேட்பார். மறுமொழி வரும், வெடிமருந்துப் புகை தெருக்களை மூடும், கோட்டை மூர்கள் வசமாகும். பிற்பகலில் கிறிஸ்தவத் தூதர் வருவார், மீண்டும் போர், கோட்டை மீட்கப்படும். இறுதியில் புனித ஜார்ஜாக வேடமிட்ட ஒரு சிறுவன் கோட்டை உச்சியில் தோன்றி மூர்களின் மேல் அம்பு எய்வான்.

அரபு மொழி அறிந்தோர் இவ்விழாவில் உற்று நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மூன்றாம் நாளுக்கு அவர்கள் இட்டுள்ள பெயர் ‘அலார்தோ’. படையைப் பார்வையிடுதல் என்னும் பொருளுடைய ‘அல்அர்ளு’ என்ற அரபுச் சொல்லே அது. இரு படைகளிலும் தலைவருக்கு அடுத்த நிலையில் நிற்பவர் ‘அல்ஃபெரெஸ்’. அது குதிரை வீரனைக் குறிக்கும் ‘அல்ஃபாரிஸ்’. கிறிஸ்தவப் படையின் துணைத் தலைவரும் அரபுப் பட்டத்தைத் தாங்கியே முஸ்லிம்களோடு பொருதச் செல்கிறார். விழாவின் வசனங்கள் சொல்லாத ஒரு வரலாற்றை விழாவின் சொற்கள் சொல்லிவிடுகின்றன.

அல்அஸ்ரக் என்னும் தலைவர்

இத்தனைக்கும் மூலமாக அமைந்த நிகழ்ச்சி 1276ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 674) நடந்தது. அபூ அப்தில்லாஹ் முஹம்மத் இப்னு ஹுதைல் என்பவர் அப்பகுதி மலைநாட்டின் முஸ்லிம் தலைவர். நீலக் கண்ணர் என்னும் பொருளில் ‘அல்அஸ்ரக்’ என்று அழைக்கப்பட்டார். அல்கோய் மீது அவர் நடத்திய தாக்குதலில் உயிர் நீத்தார். ஊர் பிழைத்தது. புனித ஜார்ஜ் மதில் மேல் தோன்றிக் காத்தார் என்ற நம்பிக்கை வேரூன்றியது.

விழா கூறுவது இவ்வளவே. ஆவணங்கள் கூறுவது இதனினும் விரிவானது. அல்அஸ்ரக் எங்கிருந்தோ வந்து ஊரைச் சூறையாட முயன்ற அந்நியர் அல்லர். 1245இல் (ஹிஜ்ரி 642) அரகோன் மன்னர் முதலாம் ஹைமேயின் மூத்த மகன் அல்ஃபோன்ஸோவுடன் அவர் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன் மூல ஏடு பார்சிலோனாவிலுள்ள அரகோன் அரச ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளது. காஸ்தீலிய மொழி வரிகளுக்கிடையே அரபு வரிகள் எழுதப்பட்ட இருமொழி ஏடு அது. ராபர்ட் பர்ன்ஸ் என்ற இயேசு சபைத் துறவியும் பால் செவெடன் என்ற அறிஞரும் இதனை ஆராய்ந்து 1999இல் நூலாக வெளியிட்டனர். இரு மொழிப் பாடங்களும் பொருளில் ஒத்துப்போகவில்லை என்பது அவர்கள் எடுத்துக்காட்டிய முக்கியச் செய்தி. ஒரு பாடத்தில் அடிபணிதலாகத் தோன்றுவது, மற்றொன்றில் காலவரையறைக்குட்பட்ட போர் நிறுத்தமாக அமைகிறது. ஒரே தோலேட்டில் கையெழுத்திட்ட இரு தரப்பினரும் வெவ்வேறு எதிர்பார்ப்புகளோடு பிரிந்தனர் எனலாம்.

சில ஆண்டுகளில் போர் மூண்டது. அது 1258 வரை நீடித்தது. அல்அஸ்ரக் நாட்டைவிட்டு வெளியேறினார். முதுமையில் திரும்பி வந்தபோதுதான் அல்கோய் வாயிலில் மடிந்தார். அவர் இறந்தபின் துரத்திச் சென்ற கிறிஸ்தவக் குதிரை வீரர்கள் மறைந்திருந்த முஸ்லிம் படையிடம் சிக்கி அழிந்ததையும், அதே கோடையில் லுச்சென்ட் என்னுமிடத்தில் கிறிஸ்தவப் படை பெருந்தோல்வி அடைந்ததையும் மறைப்பதற்கில்லை. ஹைமே மன்னரின் பெயரால் வழங்கும் தன்வரலாற்று நூலே இவற்றைச் சொல்கிறது. அதே ஆண்டு ஜூலையில் போர் ஓயுமுன்னரே மன்னரும் இறந்தார். சதுக்கத்து நாடகமோ மரக் கோட்டை மீட்கப்பட்டதும் முடிந்துவிடுகிறது.

வேறு பொருத்தமின்மைகளும் உள. 1276இல் அப்பகுதிப் போர்வீரர் கையில் துப்பாக்கி கிடையாது. மூர்கள் அணியும் பகட்டான உடைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர் கற்பனை செய்த கீழைநாடே தெரிகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பலன்சிய்யா தெரிவதில்லை. அவர்கள் அணிவகுத்து வரும் ‘மூர் நடை’ இசையும் அந்தலூஸின் இசையன்று. அவ்வகையில் முதலாவது 1907இல்தான் இயற்றப்பட்டது.

இவற்றைக் கொண்டு விழாவை வெறும் பகை நாடகமென்று தள்ளிவிடுவது நியாயமன்று. இவ்விழா இல்லையேல் அல்அஸ்ரக்கின் பெயர் சில ஆய்வாளர்க்கு மட்டுமே தெரிந்திருக்கும். இன்று அல்கோயின் பள்ளிச் சிறுவர்க்கும் அது தெரியும். மூர் குழுவில் சேருவதை மக்கள் இழிவாகக் கருதுவதில்லை, பெருமையாகவே கருதுகின்றனர். மூர்களின் தூதருக்கும் கம்பீரமாகப் பேசும் உரிமை தரப்பட்டுள்ளது. தோற்றவனுக்கு அரங்கில் குரல் கொடுப்பது சிறிய செயலன்று.

அரங்கேறாத காட்சி

ஆயினும் கதையின் இறுதிப் பகுதி எவ்விடத்தும் இவ்வளவு ஆரவாரத்தோடு நடிக்கப்படுவதில்லை. 1276க்குப் பின்னும் வலென்சிய முஸ்லிம்கள் மூன்று நூற்றாண்டுக்கு மேல் அம்மண்ணிலேயே உழுதும் நீர் பாய்ச்சியும் வாழ்ந்தனர். 1520களில் அவர்கள் வலுக்கட்டாயமாக ஞானஸ்நானம் பெறச் செய்யப்பட்டு ‘மொரிஸ்கோக்கள்’ எனப் பெயர் பெற்றனர். 1609 செப்டம்பர் 22இல் (ஹிஜ்ரி 1018) அவர்களை நாடு கடத்தும் அரசாணை வலென்சியாவில் பறைசாற்றப்பட்டது. அப்போது அவ்வரசின் குடிமக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அவர்களே. தானியா (இன்றைய தெனியா), அலிகாந்தே, வலென்சியா ஆகிய துறைமுகங்களிலிருந்து சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டனர். 1614 வரை ஸ்பெயின் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர் சுமார் மூன்று லட்சம் பேர். அவர்களின் சிறு குழந்தைகள் பலர் பெற்றோரிடமிருந்து பிரித்து நிறுத்திவைக்கப்பட்டனர்.

இந்நிகழ்ச்சிக்கு ஓவியச் சான்றும் உண்டு. மூன்றாம் ஃபெலிபெ மன்னர் காலத்தில் வரையப்பட்ட பெரிய ஓவியங்கள் கப்பலேறும் கூட்டத்தைக் கண்முன் நிறுத்துகின்றன. அல்அஸ்ரக்கின் சொந்த நிலமான அல்கலா பள்ளத்தாக்கில் ‘அட்சுவியெட்டா’ என்னும் மொரிஸ்கோ சிற்றூரின் வீடுகள் இடிபாடுகளாக இன்றும் நிற்கின்றன. அங்கே ஒரு மணி நேரம் நடந்து திரும்பும் மாணவன், அல்கோயில் மூன்று நாள் வெடியோசை கேட்டவன் அறியாத ஒன்றை அறிந்து வருவான். போரில் தோற்றவர்களுக்கும் வீடு இருந்தது, அடுப்பு இருந்தது என்பதே அது.

நடிப்பு ஏதுமின்றித் தொடரும் மரபு ஒன்றும் அதே நாட்டில் உண்டு. வலென்சியப் பேராலய வாயிலில் வியாழன்தோறும் நண்பகலில் நீர்ப்பங்கீட்டு நீதிமன்றம் கூடுகிறது. விவசாயிகள் தேர்ந்தெடுத்த நடுவர்கள் வாய்மொழியாகவே வழக்குக் கேட்டுத் தீர்ப்பளிக்கின்றனர். இதன் வேர் அந்தலூஸ் காலத்தது என்று மரபு கூறும். யுனெஸ்கோ 2009இல் இதனை மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. அவர்கள் வாய்க்காலுக்கு வழங்கும் ‘அஸெகியா’ என்ற சொல் நம் பாடநூல்களில் வரும் ‘அஸ்ஸாகியா’வே. பயணிகள் இங்கும் கூடுகின்றனர். ஆனால் இங்கே அவர்கள் காண்பது ஒரு சமூகம் மற்றொன்றுக்கு விட்டுச்சென்ற நன்மையை.

கடல் கடந்த ‘மூர்’

ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும் சென்ற இடமெல்லாம் இந்நாடகத்தையும் உடன் கொண்டு சென்றனர். சுல்தான் குதரத்தின் கோட்டை வீழ்ந்ததைக் கொண்டாடி 1637இல் மணிலாவில் நாடகம் ஒன்று அரங்கேறியது. ‘மோரோ மோரோ’ என்னும் நாடக வகைக்கு அதுவே தொடக்கமென்பர். கோட்டை வீழ்ந்தாலும் குதரத் வீழவில்லை. அதன்பின்னும் பல ஆண்டுகள் அவர் ஆண்டார். கேரளக் கடற்கரையின் இலத்தீன் கிறிஸ்தவர்கள் ஆடும் சவிட்டு நாடகத்தில் சார்லமேன் மன்னரின் போர்க்கதை இன்றும் ஆடப்படுகிறது. அதன் வசனங்களில் தமிழ் மிகுதியாகக் கலந்துள்ளது. அதனை இயற்றிய சின்னத்தம்பி அண்ணாவி தமிழகத்திலிருந்து சென்றவர் என்பது அங்குள்ள மரபு.

ஸ்பெயின் மண்ணில் பிறந்த அப்பெயர் நம்மவர் மேலும் ஒட்டிக்கொண்டது. பிலிப்பைன்ஸ் முஸ்லிம்கள் ‘மோரோ’க்கள் ஆயினர். இலங்கைச் சோனகர் ஆங்கிலத்தில் ‘மூர்’ எனப் பதிவாகி வருவது போர்ச்சுகீசியர் வழங்கிய பெயரின் தொடர்ச்சியே. எனவே அல்கோய்ச் சதுக்கத்தில் நிற்கும் மூர் யார் என்பது நமக்குத் தொடர்பற்ற வினாவன்று.

இழிவை நீக்கியோர்

வலென்சியப் பகுதியின் சில ஊர்களில் ‘லா மஹோமா’ என்னும் பெரிய உருவப் பொம்மை விழாவில் இடம்பெற்று வந்தது. நபிகள் நாயகத்தின் (ஸல்) திருப்பெயரைத் திரித்து இட்ட பெயர் அது. சில இடங்களில் அதன் தலையை வெடிவைத்துச் சிதைப்பதும் வழக்கம். 2006இல் பொகைரென்ட், பெனெய்ஷாமா போன்ற ஊர்கள் அப்பகுதியைக் கைவிட்டன. டென்மார்க் கேலிச்சித்திர விவகாரம் எழுந்த வேளை அது. அச்சத்தால் விட்டனர் என்று சிலர் குறை கூறினர். அயலாரின் மனம் புண்படலாகாதென்று விட்டனர் என்று சிலர் பாராட்டினர். எக்காரணமாயினும், அப்பகுதியை நீக்கியதால் விழா அழிந்துவிடவில்லை. மரபு என்ற பெயரால் இழிவையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று. கிரனாடாவில் ஜனவரி 2ஆம் நாள், 1492இல் (ஹிஜ்ரி 897) நகரம் கைப்பற்றப்பட்டதை நினைவுகூரக் கொடியசைக்கும் சடங்கு உள்ளது. அதற்கும் அந்நகரத்தவரிடமிருந்தே மறுப்புக் குரல்கள் எழுந்துள்ளன. சமயத்தையும் சொத்தையும் காப்போமென்று 1491 நவம்பரில் எழுதித் தந்த உடன்படிக்கை பத்தாண்டு முடிவதற்குள் மீறப்பட்டதை அவர்களும் அறிவர்.

நமக்கும் ஓர் அளவுகோல்

வரலாற்றை நடித்துக் காட்டுவோரிடம் மூன்றைக் கேட்பது தகும். ஆவணத்துக்கும் பிற்கால நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்வையாளருக்குச் சொல்ல வேண்டும். வென்றவர், தோற்றவர் ஆகிய இரு தரப்பின் சான்றுகளையும் முன்வைக்க வேண்டும். போர் முடிந்த மறுநாள் மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் காட்ட வேண்டும். இம்மூன்றும் இல்லாத விழா சுற்றுலாவுக்கு உதவலாம், கல்விக்கு உதவாது.

இதே அளவுகோலை நம் கையிலும் பிடித்துப் பார்க்க வேண்டும். தாரிக் இப்னு ஸியாத் 711இல் (ஹிஜ்ரி 92) கரையிறங்கியதும் கப்பல்களை எரித்துவிட்டு ஆற்றியதாகக் கூறப்படும் வீர உரை, அரபு கற்கும் மாணவர் பலரும் மனனம் செய்து மேடையில் முழங்கும் உரை. ஆனால் முற்கால வரலாற்றாசிரியரான இப்னு அப்தில் ஹகம் (இறப்பு 871) கப்பல் எரித்ததைக் கூறவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் அல்இத்ரீஸியின் நூலில்தான் அது காணப்படுகிறது. உரையின் முழு வடிவமும் பின்னோர் நூல்களிலேயே கிடைக்கிறது. செய்தியை எடுத்துரைப்போர் அதன் இயல்பையும் சூழலையும் ஆராயாமல் ஏற்பதே வரலாற்றில் பிழை புகும் வாயில் என்று இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் எச்சரித்தார். அவருடைய முன்னோரும் இஷ்பீலியாவை விட்டு வெளியேறியவர்களே. இழந்தவர்களின் வழிவந்த அவர், இழப்பை அழுகையாக எழுதாமல் ஆய்வாக எழுதினார்.

அல்கோய் மக்கள் புனித ஜார்ஜின் கதையையும் ஆவணத்தையும் பிரித்தறிய வேண்டுமென்று நாம் எதிர்பார்ப்பது நியாயம். தாரிக்கின் கதையை மாணவர்க்குக் கற்பிக்கும் நாமும் அவ்வாறே செய்வது அதனினும் நியாயம். பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பலமுறை வலியுறுத்துகிறது. அவ்வழைப்பு வெற்றியைக் கொண்டாடுவதற்கன்று, ‘இப்ரத்’ பெறுவதற்கே. அச்சொல்லின் வேர் ‘கடந்து செல்லுதல்’ என்னும் பொருளுடையது. கண்ட காட்சியைக் கடந்து அதன் உண்மைக்குச் செல்பவனுக்கே அது வாய்க்கும்.