நிலக்கரிச் சுரங்க அருகில் கிணற்று நீர்மட்டக் கண்காணிப்பு (சிட்னி)

ஸ்ட்ராத்ஃபீல்ட், ஹோம்புஷ் தமிழர்கள் உட்பட சிட்னிவாசிகள் குடிக்கும் நீரில் ஒரு பகுதி, நகருக்குத் தெற்கே ஏவன், கார்டோ, கேட்டராக்ட், நெப்பியன் அணைகளில் சேர்கிறது. அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியின் அடியிலேயே நிலக்கரி தோண்டப்படுகிறது. நீள்சுவர் முறையில் கரியை எடுத்தபின் கூரைப்பாறை சரிய, விரிசல்கள் மேலேறி, நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் இறங்கும். வொரனோரா அணைக்குப் பாயும் வாராட்டா ஓடையின் பாறைப்படுகை நீள்சுவர்ச் சுரங்கத்தால்தான் வெடித்தது.

இப்படி நீர் இறங்குகிறதா என்று அறியக் கிணற்று நீர்மட்டத்தைக் கண்காணிக்கிறார்கள். அதற்கான எளிய கருவி, அளவுக்கோடிட்ட நாடா. அதைக் கிணற்றுக்குள் மெல்ல இறக்கினால், முனை நீரைத் தொட்டதும் மின்சுற்று மூடி மணி ஒலிக்கும்; அந்த இடத்து எண்ணைக் குறிக்க வேண்டும். ஆனால் இது ஒன்றே போதாது. மேல்மட்டக் கிணறு நிறைந்திருக்கையில், ஆழத்துப் பாறையில் நீரழுத்தம் ஏற்கெனவே சரிந்திருக்கலாம். ஆகவே ஒரே துளையில் பல ஆழங்களில் அதிர்கம்பி அழுத்தமானிகளைச் சிமென்ட் கலவையில் பதிக்கிறார்கள்.

தோண்டுவதற்கு முந்தைய பதிவு இல்லாவிட்டால், நீர் குறைந்ததற்கான பழி வறட்சிக்கா சுரங்கத்துக்கா என்று பிரிக்கவே முடியாது. டாமூர் சுரங்கத்துக்கு அருகிலுள்ள தெர்ல்மியர் ஏரிகள் வற்றியபோது எழுந்த நெடிய விவாதம் அதுதான். நியூ சவுத் வேல்ஸின் 2012 நீர்த்தாங்கிக் கொள்கைப்படி, சுரங்கத்தால் கிணற்றில் மட்டம் 2 மீட்டருக்கு மேல் தாழ்ந்தால் அதன் உரிமையாளருக்கு ஈடுசெய்ய வேண்டும்.