தீக்கோளமும் சிங்கை விடுதலையும்

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியர் கைப்பட்டு, 'சியோனான்' எனப் பெயர் மாற்றப்பட்டது. அடுத்த மூன்றரை ஆண்டுகள் மக்கள் பசியாலும் அச்சத்தாலும் வாடினர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மீளவே இல்லை.

1945 செப்டம்பரில் மலாயாக் கரையில் படையிறக்கி, பின்னர்ச் சிங்கப்பூரைத் தாக்கப் பிரிட்டானியர் திட்டமிட்டிருந்தனர். அது நிகழ்ந்திருப்பின் சிராங்கூன் சாலையும் போர்க்களமாகியிருக்கக்கூடும். அதற்கு முன்னரே, ஆகஸ்டு 6இல் இரோசிமாவிலும் 9இல் நாகசாகியிலும் அணுகுண்டுகள் வீசப்பட்டன. சோவியத்து நாடும் போரில் இறங்கியது. சப்பானின் பணிவுக்கு இவற்றுள் எது தலையாய காரணம் என்பதில் வரலாற்றறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகஸ்டு 15இல் பேரரசர் பணிவை அறிவித்தார்.

இரோசிமாவில் குண்டு தரைக்கு மேல் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அப்போது எழுந்த எக்ஸ் கதிர்களைச் சூழ்ந்திருந்த காற்றே உறிஞ்சிக் கடும் வெப்பமுற்று ஒளிர்ந்தது. அவ்வாறு ஒளிர்ந்த காற்றே தீக்கோளம். விறகு எரிவது போன்ற தீயன்று அது. கோளம் விரிந்து வெப்பம் தணியவே, அதிர்வலை அதனின்று பிரிந்து முந்திச் சென்றது. அவ்வலையால் சூடேறிய காற்று திரைபோல் நின்று உள்ளொளியை மறைத்தது. திரை குளிர்ந்து தெளிந்ததும் உள்ளொளி மீண்டும் வெளிப்பட்டது. ஆகவே வளிமண்டலத்தில் வெடிக்கும் அணுகுண்டு இருமுறை ஒளிர்கிறது. கண்ணுக்கோ அது ஒரே மின்னலாகத் தோன்றும். வெப்பக் கதிர்களின் மிகப் பெரும்பகுதி இரண்டாம் ஒளியிலேயே வெளிப்படுகிறது; மாந்தர் உடலைச் சுட்டெரித்ததும் அதுவே. பின்னர், சூழ்காற்றினும் இலேசான கோளம் மேலெழுந்து, புழுதியையும் புகையையும் ஈர்த்துக் காளான் முகிலாயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரில் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர். அவர்களுள் பள்ளிச் சிறாரும் கொரியத் தொழிலாளரும் அடங்குவர்.

செப்டம்பர் 12இல் சிங்கப்பூர் நகராட்சி மன்றக் கட்டடத்தில் மவுண்ட்பேட்டன் முன்னிலையில் சப்பானியர் பணிவுப் பத்திரத்தில் கையொப்பமிட்டனர். மக்கள் ஆரவாரித்தனர். கொடுமையினின்று மீண்டோர் மகிழ்ந்ததில் வியப்பில்லை. ஆயினும் அத்தீக்கோளம் ஆக்கிரமித்தவன் யார், அப்பாவி யார் என்று பார்த்துச் சுடவில்லை. அதன் எல்லைக்குட்பட்ட அனைவரையும் சுட்டது.

1995 டிசம்பர் 15இல் தென்கிழக்காசிய நாடுகள் பாங்காக்கில் கூடி, இவ்வட்டாரத்தில் அணு ஆயுதத்திற்கு இடமில்லை என உடன்படிக்கை செய்தன. சிங்கப்பூரும் அதில் கையொப்பமிட்டது. விடுதலை நாளை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர், இவ்வுடன்படிக்கையையும் அப்பாடத்தின் பகுதியாகவே கொள்ளுதல் தகும்.